ஓட்டமும் தேடலும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கைப்பொருள்களால் ஒரு பந்தய வேட்டை

பந்தய வேட்டை இரண்டு விளையாட்டுகளின் சேர்க்கை. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பது ஒன்று. மற்றவரை முந்துவது இன்னொன்று. குழந்தைகள் குழுக்களாகப் பிரிந்து, குறிப்புச் சீட்டுகளைப் படித்து, இடம் இடமாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளைக் கண்டெடுத்தோ ஒரு வேலையைச் செய்து முடித்தோ, கடைசியில் எல்லைக்கோட்டுக்கு ஓடி வருவார்கள். கார்ப் பந்தயத்தின் கட்டம் போட்ட கொடி, எண் அட்டை, சிக்னல் விளக்கு, கோப்பை ஆகியவை அதற்கு அலங்காரம். பிறந்தநாள், காணும் பொங்கல், கோடை விடுமுறை, பள்ளி விழா என எதற்கும் இது பொருந்தும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கிழக்கே உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் பக்கம் சமவெளி. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை. சமவெளியில் கரும்பும் மக்காச்சோளமும் நெல்லும் மரவள்ளியும் விளைகின்றன. மலையில் சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் புளியும். இப்படிப்பட்ட வட்டாரத்தில் பந்தய வேட்டைக்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதி களத்திலும் தோட்டத்திலும் மளிகைக் கடையின் பின்புறத்திலுமே கிடைத்துவிடும். கடையில் கட்டிக் கொடுக்கும் அலங்காரப் பொட்டலத்தைவிட இவை மேல். செலவு குறைவதால் மட்டும் அல்ல. செய்கிற வேலையே விளையாட்டின் முதல் பாதியாகிவிடுவதால்.

ஊரில் ஏற்கெனவே இருப்பவை

தேடும் ஆட்டம் தமிழ்க் குழந்தைகளுக்குப் புதிதல்ல. கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் நீளமாக மணலைக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியையோ புளியங்கொட்டையையோ ஒருவர் மறைப்பார். எதிரில் இருப்பவர் கைகளைக் கோத்து, அது இருக்கும் இடம் என்று நினைக்கும் இடத்தை மூட வேண்டும். தோற்றால் அதோடு முடிவதில்லை. தோற்றவரின் இரு கைகளிலும் மணலை நிரப்பி, நடுவில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி எங்கோ அழைத்துப் போய் அதைக் கொட்டச் செய்வார்கள். பிறகு சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே கூட்டி வந்து, கொட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். காலடி எண்ணிக்கை, வெயில் பட்ட பக்கம், மிதித்த மண்ணின் சூடு, காதில் விழுந்த மாட்டு மணி என எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் குழந்தை வென்றுவிடும். தடம் பார்த்துப் போகும் வேட்டைக்கு இதைவிடச் சுருக்கமான பயிற்சி இல்லை.

குலை குலையா முந்திரிக்காயில் தேடலும் ஓட்டமும் ஒரே ஆட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. வட்டமாக உட்கார்ந்தவர்களில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டுச் சுற்றி வருவார். உட்கார்ந்தவர் அதைக் கண்டறிந்து எழுந்து துரத்த வேண்டும். பள்ளி மைதானங்களில் ஆடும் ‘கலர் கலர் வாட் கலர்’ இன்னும் நெருக்கமானது. சொன்ன நிறத்தில் ஒரு பொருளைத் தேடித் தொட்டாக வேண்டும்; அதற்குள் பிடிபடக் கூடாது. காணும் பொங்கல் விழாக்களில் நடக்கும் உருளைக்கிழங்கு பொறுக்கும் போட்டியும் பொருள் சேகரிக்கும் பந்தயமே. தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்ற நூலில் இத்தகைய ஊர் ஆட்டங்களைத் தொகுத்தார். பந்தய வேட்டைக்கு நிறுத்தங்கள் அமைப்பவர் அந்த மரபிலிருந்தே ஆட்டங்களை எடுத்துக்கொள்ளலாம்.

சிறு வண்டி ஓட்டும் ஆசை அதைவிடப் பழையது. குதிரை பூட்டாமல் குழந்தைகள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. தச்சர் செய்த சிறு வண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர்ப் பருவம். இன்றும் ஊரில் தேரோட்டம் முடிந்த மறுவாரம் தெருவில் சின்னஞ்சிறு தேர்கள் ஓடுவதைக் காணலாம்.

வெளியிலிருந்து வந்தவை

இன்று பல நாடுகளில் ஆடப்படும் பொருள் சேகரிப்பு விருந்துக்குப் புகழ் தேடித்தந்தவர் அமெரிக்க விருந்தமைப்பாளர் எல்சா மேக்ஸ்வெல். 1927இல் பாரிசிலும் 1929இல் நியூயார்க்கிலும் செல்வந்தர்களுக்காக அவர் இத்தகைய வேட்டைகளை நடத்தினார். கிடைப்பதற்கரிய பொருள்களின் பட்டியலோடு விருந்தினர் நகரமெங்கும் அலைவார்கள். இந்த மோகத்தின் மறுபக்கத்தை 1936இல் வந்த ‘மை மேன் காட்ஃபிரே’ என்ற திரைப்படம் காட்டியது. அதில் வேலையிழந்து குப்பைமேட்டில் வாழும் ஒரு மனிதரையே பட்டியலிலுள்ள ‘பொருளாக’ விருந்துக்கு அழைத்து வருகிறார்கள். இந்தக் காட்சி கல்வராயன் மலைக்கும் பொருந்தும் எச்சரிக்கை. மலையாளிப் பழங்குடி மக்களோடு படம் எடுத்து வருவது, அவர்கள் வீட்டுப் பொருள் ஒன்றைக் கேட்டு வாங்கி வருவது போன்றவற்றைச் சுற்றுலாக் குழுக்களின் பட்டியலில் சேர்ப்பது தவறு. மனிதர் யாரும் பட்டியலில் இடம்பெறக் கூடாது.

வரைபடம் பார்த்து ஓடும் போட்டி 1897இல் நார்வேயில் பொதுமக்களுக்காக முதலில் நடந்தது. மறைத்த பொருள்களை நினைவில் கொள்ளும் ஆட்டம் ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் (1901) வருகிறது. பேடன் பவல் 1908இல் அதைச் சாரணர் பயிற்சியில் சேர்த்தார். தட்டில் வைத்த பொருள்களை ஒரு நிமிடம் பார்த்து, துணியால் மூடியபின் சொல்ல வேண்டும். கடுக்காய், புளியங்கொட்டை, சாமைக் கதிர், ஆமணக்கு விதை, வேப்பங்கொட்டை என்று உள்ளூர்ப் பொருள்களை வைத்தால் இது அருமையான நிறுத்தமாகும். ஆமணக்கு விதை நஞ்சு. தட்டின் அருகே பெரியவர் ஒருவர் நின்றே ஆக வேண்டும், சிறு குழந்தைகள் வரும் விழாவில் அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்புகளில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த நாளே ஒரிகன் மாநிலக் காட்டுப் பகுதியில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து அதன் இருப்பிடக் குறிப்பை வெளியிட, செயற்கைக்கோள் வழிப் புதையல் வேட்டை பிறந்தது. கைபேசி அலைவரிசை தடுமாறும் மலையூர்களில் இதை நம்பித் திட்டமிட முடியாது. வீட்டில் செய்த வண்டிப் பந்தயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பெட்டிப் பலகைகளால் கார் செய்து ஓட்டிய சிறுவர்களை 1933இல் ஒஹையோவின் டேட்டன் நகரில் ஒரு செய்தித்தாள் புகைப்படக்காரர் கண்டார். 1934இல் அது நாடு தழுவிய போட்டியாயிற்று.

வண்டிகளும் மற்றப் பொருள்களும்

எந்தப் பொருள் கிடைக்கும் என்பதைப் பருவமே முடிவு செய்கிறது. சித்திரை, வைகாசியில் நுங்கு வண்டி. நுங்கை விரலால் தோண்டித் தின்ற பிறகு இரண்டு கூடுகளை எடுத்து, நடுவில் துளையிட்டு, ஒரு சாண் நீளக் குச்சியை அச்சாகச் செருக வேண்டும். முனையில் கவையுள்ள நீண்ட குச்சியை அந்த அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். துளை சரியாக நடுவில் விழாவிட்டால் வண்டி நொண்டும். இரண்டு கூடுகளும் ஒரே அளவில் இல்லாவிட்டால் ஒரு பக்கமாகவே திரும்பும். இந்தக் கோளாறுகளைக் குழந்தைகள் தாங்களே கண்டு சரிசெய்வதற்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். கூடு காய்ந்தால் சுருங்கிக் கோணிவிடும் என்பதால் வண்டியை முன்னதாகச் செய்து அடுக்கி வைக்க முடியாது.

தைப்பொங்கலை ஒட்டிச் சோளத்தட்டை. மேல்பட்டையை நீள நீளமாக உரித்தால் ஊசிபோன்ற சிம்புகள் கிடைக்கும். உள்ளே வெண்மையான தக்கை. தக்கையைத் துண்டு துண்டாக வெட்டிச் சிம்புகளால் கோத்தால் ஆணியும் பசையும் இல்லாமல் மாட்டு வண்டி, கார், மூக்குக் கண்ணாடி எல்லாம் செய்யலாம். ஓட்டுநர் அணியும் கண்ணாடிக்கு இதுவே போதும். பட்டையின் ஓரம் விரலை அறுத்துவிடும். உரிக்கும் வேலை பெரியவர்களுடையது.

எந்தப் பருவத்திலும் கைகொடுப்பது பழைய சைக்கிள் டயர். ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே ஓடினால் போதும். சுழல்கிற சக்கரம் தன் அச்சின் திசையை மாற்றிக்கொள்ள இசையாது. அதனால் வேகமாக ஓடும் டயர் நேராக நிற்கும், மெதுவானது சாய்ந்து விழும். பயந்து மெதுவாகத் தட்டும் குழந்தைக்குத்தான் டயர் அடிக்கடி விழுகிறது. தொடங்குமுன் இதை ஒரு முறை விளக்கிவிட்டால் புதிதாக ஓட்டுபவர்களும் சீக்கிரம் பழகுவார்கள்.

அட்டைக் கார் நகரத்துக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. மளிகைக் கடையில் பிஸ்கட், சோப்பு வந்த பெட்டி ஒரு குழந்தைக்குப் போதும். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை இருவர் ஓட்டும் வண்டியாகும். மேலும் கீழும் திறந்துவிட்டு, இரண்டு கயிறுகளைத் தோளில் மாட்டிக்கொள்ளும்படி கட்ட வேண்டும். பெட்டியின் அடி முழங்காலுக்கு மேலே நிற்க வேண்டும். இல்லையெனில் ஓடும்போது தட்டி விழுவார்கள். ஒட்டுவதற்கு மைதா மாவைக் காய்ச்சிய பசை. சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். குழந்தைகள் கைபடும் பசையில் அது கூடாது. விளக்குகளுக்குப் பழைய நோட்டு அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டலாம். மரச் சக்கரம் வேண்டுமென்றால் சிற்ப வேலை நடக்கும் பட்டறைகளில் கழிந்த துண்டு மரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு நிறுத்தத்தையே பட்டறை ஒன்றில், உரியவரின் சம்மதத்தோடு அமைத்தால், உளி எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதைக் குழந்தைகள் அங்கேயே பார்க்கலாம்.

மற்றவை எளிது. பழைய வேட்டித் துணியில் அடுப்புக்கரியால் கட்டம் தீட்டினால் கொடி. மூன்று கொட்டாங்குச்சிகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பூசி ஒரு மூங்கிலில் கட்டினால் சிக்னல். பச்சையை மூடியிருக்கும் துணியை விலக்குவதே தொடக்க அறிவிப்பு. ஹாரனுக்குப் பூவரசு இலையைச் சுருட்டிய பீப்பீ. பாதைக்கோடு போடச் சுண்ணாம்பைவிடக் கோலமாவு நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்டெடுத்தவற்றைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு மஞ்சப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருப்பதால் பிளாஸ்டிக் கொடித் தோரணத்துக்கும் உறைக்கும் இங்கே வேலை இல்லை.

பதக்கமும் தோட்டத்திலேயே இருக்கிறது. மரவள்ளி இலையின் நீண்ட காம்பை ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மாறி மாறி ஒடித்து, தோல் அறாமல் உரித்தால் மணிமாலை கிடைக்கும். நுனியில் உள்ள இலை பதக்கமாகத் தொங்கும். மரவள்ளியின் இலையிலும் காம்பிலும் சயனைடு வெளிவிடும் பொருள் உண்டு. ஆகவே வாயில் வைக்கக் கூடாது, செய்து முடித்ததும் கை கழுவ வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

குறிப்புச் சீட்டுகள்

பந்தய வேட்டையின் உயிர் குறிப்புச் சீட்டில் இருக்கிறது. தமிழில் அதற்கு விடுகதை இருக்கிறது. தொல்காப்பியம் ‘பிசி’ என்று பெயரிட்டுச் செய்யுளியலில் இடம் கொடுத்த வடிவம் அது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விடுகதையைச் சீட்டில் எழுதினால் படிக்குமுன்பே விடை வந்துவிடும். புதிதாகக் கட்ட வேண்டும். அம்மிக்கு: ‘அசையாத தாய், அவள் மடியில் உருளும் பிள்ளை, உருண்டால் வீடே மணக்கும்.’ தட்டைப் போருக்கு: ‘வயலில் நின்றபோது பச்சைச் சேலை, வாசலுக்கு வந்தபின் மஞ்சள் சேலை, மாடு மட்டும் நலம் விசாரிக்கும்.’ பொருளின் உருவத்தைச் சொல்லும் ஒரு வரி, அதன் பயனைச் சொல்லும் ஒரு வரி என்று இருந்தால் விடை ஒன்றே ஒன்றாக அமையும். விடுகதைக்கு இரண்டு விடை பொருந்தினால் சண்டை நிச்சயம். எழுதிய சீட்டை விளையாட வராத ஒரு குழந்தையிடம் முன்கூட்டியே காட்டிச் சோதிப்பது நல்லது.

படிக்கத் தெரியாத சிறுவர்களுக்குப் படம், சற்று வளர்ந்தவர்களுக்கு விடுகதை, பெரிய பிள்ளைகளுக்குத் திசையும் தூரமும் என மூன்று நிலைகளில் ஒரே சீட்டைத் தயாரிக்கலாம். தூரத்தைக் காலடியால் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றை ஒவ்வொரு குழுவிடமும் கொடுத்து, ‘வேப்ப மரத்திலிருந்து சூரியன் உதிக்கும் பக்கம் 20 முடிச்சு’ என்று எழுதினால் தகராறு இல்லை.

ஓட்டத்தின் ஒழுங்கு

ஓட்டமும் தேடலும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடம் இதுதான். ஓடத் தெரிந்தவன் தேடாமலே வெல்லலாம். முன்னால் போகும் குழுவின் பின்னால் ஓடினால் போதும். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வரிசையில் நிறுத்தங்களைக் கொடுத்தால் இதைத் தடுக்க முடியாது. நான்கு குழு, நான்கு நிறுத்தம் என்றால் முதல் குழு 1, 2, 4, 3. இரண்டாவது 2, 3, 1, 4. மூன்றாவது 3, 4, 2, 1. நான்காவது 4, 1, 3, 2 என்று போகட்டும். இந்த ஒழுங்கில் எந்த நேரத்திலும் இரண்டு குழுக்கள் ஒரே சுற்றில் ஒரே இடத்துக்கு அனுப்பப்படுவதில்லை. ஓர் இடத்திலிருந்து கிளம்பும் குழுக்களும் ஒரே திசையில் போவதில்லை. ஆகவே பின்தொடர்ந்து பயனில்லை. சீட்டுகளை எழுதும்போது குழுவுக்கு ஒரு நிறம் கொடுப்பது இதனால்தான் அவசியம். மற்றக் குழுவின் நிறச் சீட்டைத் தொட்டால் ஒரு நிமிடத் தண்டனை.

நேரத்தைக் கணக்கிடும் முறை இன்னும் முக்கியம். குழுவின் கடைசிக் குழந்தை எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரமே குழுவின் நேரம் என்று விதித்துவிட வேண்டும். இந்த ஒரு விதியால் வேகமாக ஓடுபவன் மெதுவாக வருபவளுக்குக் கைகொடுக்கத் தொடங்குகிறான். ஆறு வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்க முடிகிறது. காலில் குறையுள்ள குழந்தை குழுவுக்குச் சுமையாகப் பார்க்கப்படாமல் இருக்க, உட்கார்ந்த இடத்திலேயே தீர்க்க வேண்டிய நிறுத்தங்கள் பாதியாவது இருக்க வேண்டும். ஊர்ப் போட்டிகளில் கோலம் பெண் பிள்ளைகளுக்கு, ஓட்டம் ஆண் பிள்ளைகளுக்கு என்று பிரிப்பது வழக்கமாகிவிட்டது. பந்தய வேட்டையில் இருவருக்கும் இரண்டும் கிடைக்கின்றன. வேறு எந்தச் சிறப்பும் இல்லாவிட்டாலும் இதற்காகவே இதை ஊர் விழாக்களில் சேர்க்கலாம்.

குழுவுக்கு நான்கைந்து பேர், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள். அதற்குமேல் போனால் சிறியவர்கள் சோர்ந்துவிடுவார்கள்.

மலையில்

கல்வராயன் மலையின் வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம். பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. மேடும் பள்ளமுமான தரையில் டயரும் அட்டைக் காரும் பயன்படா; சரிவில் உருண்டு போகும் டயரைத் துரத்தும் குழந்தை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. மலைக்கு ஏற்றது வண்டியில்லாத வேட்டை. ஓட்டத்தைச் சமதளமான பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேடலில் மலைப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. கடுக்காய், புளி, தேன், நெல்லி சேகரிப்பது அவர்கள் குடும்பங்களின் தொழில். சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உறுதி செய்திருக்கிறது. ஆகவே நகரத்துப் பிள்ளைகளும் மலைப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும்போது குழுக்களைக் கலந்து அமைக்க வேண்டும். ‘எறும்பு கூடு கட்டிய இலை’, ‘பால் வடியும் செடி’, ‘பறவை தின்று துப்பிய விதை’ போன்ற பட்டியலைக் கொடுத்தால் மலைக் குழந்தை வழிகாட்டும், நகரக் குழந்தை கற்றுக்கொள்ளும். பறிக்கக் கூடாது, காட்டினால் போதும் என்பது விதி. பால் வடியும் செடியைத் தொடவும் கூடாது. பல செடிகளின் பால் கண்ணுக்கு ஆபத்து. காப்புக் காட்டுக்குள் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. அங்கே நுழையவே வனத்துறையின் அனுமதி வேண்டும். மேகம், பெரியார் அருவிகளின் பாறைகளும் ஓடும் இடமல்ல.

ஆபத்தும் முடிவும்

சமவெளியில் முதல் ஆபத்து கிணறு. தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் நிறைய. அப்படிப்பட்ட தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது, வேறு இடம் இல்லையென்றால் வேட்டையை வீட்டு வாசலோடு வைத்துக்கொள்வதே முறை. அடுத்தது சாலை. சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் செல்கிறது. பாதையின் எந்தப் பகுதியும் வண்டி ஓடும் சாலையைக் குறுக்கே கடக்கக் கூடாது. கரும்புச் சோகைக்குள்ளும் தட்டைப் போரின் அடியிலும் பாம்பு இருக்கலாம் என்பதால் பொருளைக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், கையை நுழைக்காமல் எடுக்கும்படி வைக்க வேண்டும். கோடையில் காலை பத்து மணிக்கு முன்பே எல்லாம் முடிய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெரியவரும் ஒரு பானைத் தண்ணீரும் இருக்க வேண்டும்.

பரிசு எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கலாம்: கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ. முதலில் வந்த குழுவுக்கு மரவள்ளி மாலை. நல்ல வண்டி செய்தவர், கடினமான விடுகதையை அவிழ்த்தவர், குழுவில் சிறியவரைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர் என்று தனியாகவும் சில மாலைகள். பிறகு ஒளித்தவற்றின் பட்டியலை வைத்து ஒன்று விடாமல் திரும்ப எடுக்க வேண்டும். அட்டையைக் காகிதக் கடைக்குப் போடலாம்; டயரும் கொடியும் அடுத்த விழாவுக்கு ஆகும். சோளத்தட்டையை மாட்டுக்குக் கொடுப்பதானால், அதில் கட்டிய நூலையும் ஒட்டிய வண்ணத்தாளையும் முழுவதும் அகற்றிய பிறகே கொடுக்க வேண்டும்.